கப்பல் ஏறும் முன் மூன்று நாள்: ரோமின் பழைய துறைமுகங்கள்

"மெடிட்டரேனியன் குரூஸ் புக் பண்ணிட்டோம், ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இருக்கு, எங்க போகலாம்?" இந்த ஒரு வருஷத்தில் நாலைந்து நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதியதைத் தொகுத்து, கூடவே என் குறிப்பு நோட்டில் இருந்ததையும் சேர்த்து இங்கே போடுகிறேன். சுற்றுலா வழிகாட்டி மாதிரி ஆரம்பித்து மிளகு வியாபாரத்தில் போய் நிற்கும். இந்த வலைப்பூவை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு அது புதிதில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ரோம். மேற்கு மத்தியதரைக் கடல் குரூஸ்களில் நிறைய அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நாங்கள் போனதும் அங்கிருந்துதான்: நான், மனைவி, அப்பா, அம்மா. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74, இரண்டு முழங்காலும் தேய்மானம். வாழ்நாள் முழுக்கக் கப்பலுக்குள் ஏறி இறங்கியவர், ஒரு தடவைகூடக் கப்பலில் பயணம் போனதில்லை. இந்தப் பயணத்தை இன்னொரு முறை திட்டமிட முடியும் என்ற உறுதி எனக்கு இல்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தேன்.

முதலில் ஒரு விஷயம்: டிக்கெட்டில் உள்ள ஊர்

டிக்கெட்டில் "ரோம்" என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், ரோமிலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர். சென்னை என்று போட்டுவிட்டு மதுராந்தகத்துக்கு வரச் சொல்வது மாதிரி. வெனிஸ் இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜுதெக்கா கால்வாய் வழியாகப் போகத் தடை. அதனால் வெனிஸ் பெயரில் விற்கப்படும் பயணங்களில் சில ரவென்னாவிலிருந்தோ திரியெஸ்தேவிலிருந்தோ கிளம்புகின்றன. இரண்டுமே வெனிஸிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். எனவே ஊர் பெயரை விட்டுவிட்டு, துறைமுகத்தின் பெயரைத் தேடிப் பிடித்து மேப்பில் புள்ளி வையுங்கள். மற்ற எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டிய கணக்கு.

மூன்று விதிகள்

ஒன்று: கப்பல் காட்டப் போவதை நீங்கள் முன்கூட்டிப் பார்க்கப் போகாதீர்கள். கப்பல் நேப்பிள்ஸில் நிற்கும் என்றால் பொம்பெயி அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். லிவோர்னோவில் நிற்கும் என்றால் பைசா பக்கத்தில், ஃப்ளோரன்ஸ் 90 கிலோமீட்டருக்குள். ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெயி போய்த் திரும்புவதற்காக முழு நாளை ரயிலில் செலவழித்துவிட்டு, நான்கு நாள் கழித்து அதே இடத்துக்குக் கப்பல் கொண்டுபோய் விடுவதில் என்ன லாபம்? கப்பலின் நிறுத்தப் பட்டியலை எடுத்து, அது தொடும் ஊர்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் பட்டியல்.

இரண்டு: ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு அருகே வந்துகொண்டே இருக்க வேண்டும், விலகிப் போகக் கூடாது. கடைசி இரவு துறைமுக ஊரிலேயே தூங்குங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சகஜம். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓட உத்தரவாதம் உண்டு, இடைப்பட்ட நேரத்துக்கு இல்லை. கப்பல் ஏறுவதோ பெரும்பாலும் நடுப்பகலில். கிளம்பும் நேரத்துக்கு வெகுமுன்பே ஏறும் வாயிலை மூடிவிடுவார்கள். நான்கு பேருக்காக மூவாயிரம் பேர் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்று: கூட வருபவர்களில் யார் மிகக் குறைவாக நடப்பார்களோ அவருடைய கால்தான் கணக்கு.

விசா விஷயம், தவிர்க்க முடியாது

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் நாட்கள் சும்மா வருவதில்லை. ஷெங்கன் விசா விண்ணப்பத்தை அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். கப்பலேறும் முன் இத்தாலியில் மூன்று நாள் சேர்ந்தால் இந்தக் கணக்கு மாறலாம். எனவே பக்கத்துப் பயணங்களை முடிவு செய்த பிறகு விண்ணப்பம் போடுங்கள், போட்ட பிறகு முடிவு செய்யாதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதுவும் இந்த நாட்களையும் சேர்த்து.

இன்னொன்று. கப்பல் துருக்கி, துனிசியா, மொண்டெனெக்ரோ போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுத் திரும்பினால், பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த அடுத்த துறைமுகம் ஷெங்கனுக்கு வெளியே இருந்தால் நம் பாஸ்போர்ட்டில் அது அவ்வளவு எளிதில்லாமல் போகலாம். இரண்டாவது விதியை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஊருக்குள் வருவோம்.

ஏன் பழைய துறைமுகங்கள்?

கொலோசியம், வாட்டிகன் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குரூஸ் போகிறவருக்குப் பொருத்தமான கேள்வி வேறு: கடலிலிருந்து 25 கிலோமீட்டர் உள்ளே இருந்த, பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் ஒரு நகரத்துக்கு யார் சோறு போட்டது? பதில் கப்பல்கள். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமை, ஸ்பெயினிலிருந்து எண்ணெய். அந்த ஏற்பாட்டின் எச்சங்கள் விமான நிலையத்திலிருந்து கப்பல் நிற்கும் இடம் வரை ஒரே வரிசையில் கிடக்கின்றன. உங்கள் பெட்டி போகும் பாதையும் அதுவேதான்.

விமான நிலையத்திலேயே ஆரம்பிக்கலாம். ஃபியுமிச்சினோவில் இறங்கும்போது ஜன்னல் ஓரம் இருந்தால், ஓடுபாதைக்கு அருகே அச்சு அசலான அறுகோண வடிவில் ஓர் ஏரியைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இயற்கையில் அப்படி ஓர் ஏரி அமையாது. அது பேரரசர் டிராஜன் 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெட்டிய துறைமுகக் குளம். ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேல்.

அதற்கு முன்னால் கிளாடியஸ் கி.பி. 42இல் அங்கே பெரிய வெளித் துறைமுகம் ஒன்றைத் தொடங்கினார். பரப்பு பெரிது, பாதுகாப்பு குறைவு. கி.பி. 62இல் அடித்த புயலில் துறைமுகத்துக்கு உள்ளே நின்ற சுமார் 200 கப்பல்கள் அழிந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதனால்தான் டிராஜன் இன்னும் உள்ளே தள்ளி, அலை எட்டாத குளமாக வெட்டினார். நம்ம பாஷையில் சொன்னால், புரொடக்‌ஷனில் விழுந்த சிஸ்டத்துக்கு எழுதிய இரண்டாம் வெர்ஷன். விமான நிலையம் கட்டத் தோண்டியபோது கிளாடியஸ் துறைமுகத்தின் பழைய படகுகள் கிடைத்தன. அவற்றுக்கென்று விமான நிலையத்தை ஒட்டியே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. திறக்கும் நாட்களை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: உடைந்த ஜாடிகளின் குன்று

விமானக் களைப்போடு பெரிய இடம் எதுவும் வேண்டாம். பிரமிடே மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் தெஸ்தாச்சோ குன்று. உயரம் சுமார் 35 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு. முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகள்! ஐந்து கோடிக்கும் மேல் இருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பெரும்பாலானவை தென் ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவை. ஒரு ஜாடி வெறுமனே 30 கிலோ, உள்ளே சுமார் 70 லிட்டர் எண்ணெய். எண்ணெய் மண்ணில் ஊறிச் சிக்கு வாடை அடிப்பதால் திரும்பப் பயன்படுத்த முடியாது. உடைத்து, அடுக்கி, வாடைக்குச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். கண்டபடி கொட்டிய குப்பை இல்லை, படிப்படியாகக் கட்டிய குன்று.

மேலே ஏற முன் அனுமதி வேண்டும். ஆனால் குன்றைச் சுற்றி வரலாம். அடிவாரத்தைக் குடைந்து கட்டிய உணவகங்கள் சிலவற்றில் பின்சுவரில் கண்ணாடி வைத்து, அடுக்கடுக்கான ஓடுகளைக் காட்டுகிறார்கள். நாங்கள் அப்படி ஒன்றில் உட்கார்ந்தோம்.

1870களிலிருந்து ஹைன்ரிஹ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் இந்த ஓடுகளில் மையால் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். காலி ஜாடியின் எடை, எண்ணெயின் எடை, ஏற்றியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், ஏற்றுமதியான இடம், ஆண்டு. கைபேசியில் ஒரு படத்தை வைத்து அப்பாவுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "டேர் வெயிட், நெட் வெயிட், ஷிப்பர் பேரு, செக் பண்ணவன் கையெழுத்து. இதத்தானடா நான் முப்பத்திரெண்டு வருஷமா எழுதுனேன்" என்றார். அதன் பிறகு சாப்பாடு வரும் வரை அவர் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்: ஓஸ்தியா ஆந்திகா

பிரமிடே நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவிலிருந்து ஓஸ்தியாவுக்கு ரயில், அரைமணி நேரம். நகரப் பேருந்து, மெட்ரோவுக்கு வாங்கும் அதே டிக்கெட் போதும். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ரோமின் ஆதித் துறைமுக நகரம் இது. டைபர் ஆறு கொண்டுவந்த மண்ணால் கடற்கரை தள்ளிப் போய்விட்டது, இப்போது கடல் சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில். நம் கொற்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொம்பெயி எரிமலையால் ஒரே நாளில் நின்ற ஊர், அதனால் கூட்டம். ஓஸ்தியா வியாபாரம் குறைந்து மெதுவாகக் காலியான ஊர், அதனால் அமைதி. பல மாடிக் குடியிருப்புகள், கல் திரிகைகளோடு மாவு மில், சுவரில் பண்டங்களின் படம் வரைந்த சாப்பாட்டுக் கடை, வரிசையாக ஓட்டை போட்ட பொதுக் கழிப்பறை எல்லாம் உண்டு.

நேரம் குறைவென்றால் நேராக நாடக அரங்கத்துக்குப் பின்னால் உள்ள சதுக்கத்துக்குப் போங்கள். சுற்றிலும் அறுபது அறைகள் போல. ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக். கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் படி, ஊர்ப் பெயர். கார்த்தேஜ், நர்போன், சர்தீனியாவின் காலியாரி, அலெக்சாந்திரியா. லிபியாவின் சப்ரதா ஊர்க்காரர்கள் யானையைப் போட்டிருக்கிறார்கள். கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் தங்கள் இடத்துக்கு வைத்த போர்டு இது. எங்கள் கப்பல் தொடவிருந்த ஊர்களில் இரண்டு அந்தத் தரையில் இருந்தன.

முக்கியத் தெரு ஒரு கிலோமீட்டருக்கு மேல், கரடுமுரடான எரிமலைக் கல். மூட்டுவலிக்காரர்களுக்கு வாசலிலிருந்து அரங்கம் வரை போய்த் திரும்பினால் போதும். அப்பாவும் அம்மாவும் அரங்கத்துப் படியில் நிழல் பார்த்து உட்கார, நாங்கள் மிச்சத்தைச் சுற்றி வந்தோம்.

மூன்றாம் நாள் காலை: மிளகுக் கிடங்கு

ரோமானிய மன்றத்துக்கு எல்லோரும் போவார்கள். கொலோசியம் பக்கத்துக் கோடியில் மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு மக்சென்டியஸ் பசிலிக்கா நிற்கும். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தக் கட்டடம் எழும் முன் அங்கே இருந்தது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. லத்தீனில் அதன் பெயரே மிளகை வைத்துத்தான்: ஹோரியா பிப்பெரதாரியா. கி.பி. 192இல் நெருப்பு அந்தப் பகுதிக் கிடங்குகளை விழுங்கியது. வைத்தியர் கேலன் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்திருந்த நூல்களும் மருந்துச் சரக்குகளும் அதில் போயின.

அந்த மிளகு எங்கிருந்து வந்தது? சேரநாட்டு முசிறி போன்ற மலபார்க் கரைத் துறைகளிலிருந்து. கப்பலில் செங்கடல், அங்கே பெரெனிகே துறை, பிறகு பன்னிரண்டு நாள் ஒட்டகப் பயணம், நைல் ஆறு, அலெக்சாந்திரியா, மறுபடி கடல், கடைசியில் டைபரில் படகு. பெரெனிகேயில் நடந்த அகழாய்வில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்தப் பாட்டின் மறுமுனை இந்தப் பசிலிக்காவின் தரைக்கு அடியில்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மூத்த பிளினி தரும் விலை, ஒரு ரோமானியப் பவுண்டு கருமிளகு 4 தெனாரியஸ். அந்தப் பவுண்டு சுமார் 327 கிராம். அவர் காலத்துச் சிப்பாய்க்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். அப்படியென்றால் அந்த மிளகு ஆறரை நாள் சம்பளம். இப்போது சரக்கின் பக்கம் வாருங்கள். வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலின் கணக்கு இருக்கிறது. கால் பங்கு வரி போக மிச்சச் சரக்கின் மதிப்பு சுமார் 69 லட்சம் செஸ்டர்ஸ். நாலு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். அப்போது சிப்பாய்ச் சம்பளம் 300 தெனாரியஸ் ஆகியிருந்தது. வகுத்தால் 5,700 சிப்பாய்களின் ஓராண்டுச் சம்பளம், கிட்டத்தட்ட ஒரு முழு லெஜியன். ஒரே கப்பலில்! கிடைத்த பகுதியில் ஜடாமாஞ்சியும் யானைத் தந்தமும் தெரிகின்றன. சிதைந்துபோன பகுதியில் மிளகு இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

மூன்றாம் நாள் மாலை: சிவிதாவெக்கியா

தெர்மினி, ஓஸ்தியென்சே, தராஸ்தேவெரே நிலையங்களிலிருந்து ரயில், வண்டியைப் பொறுத்து ஒரு மணி நேரம் முன்பின். அறையில் பெட்டியைப் போட்டதும் துறைமுகம் பக்கம் நடந்து வாருங்கள். இந்த ஊரைக் குரூஸ்காரர்கள் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் இதுவும் டிராஜன் கட்டிய துறைமுகம்தான், பழைய பெயர் சென்டும்செல்லே. வேலை நடந்துகொண்டிருந்தபோது இளைய பிளினி இங்கே வந்து, பெரிய பாறைகளைக் கடலில் கொட்டி முகத்துவாரத்துக்கு முன் ஒரு தீவை எழுப்பியதை ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். நீங்கள் ஏறப்போவது 1,900 வருஷம் பழைய துறைமுகத்தில்.

ஏறும் நாளுக்கு முன் இன்னொரு முழு நாள் கையில் இருந்தால் தார்க்குவீனியா, ரயிலில் கால்மணி நேரம். ரோமுக்கும் மூத்த எத்ருஸ்கர்களின் ஓவியக் கல்லறைகள், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில். கல்லறைக்குக் கல்லறை செங்குத்தான படி இறங்க வேண்டும், மூன்றாவது விதியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறு துறைமுகத்தில் ஏறுபவர்களுக்கு

அதே மூன்று விதிகள்தான். பார்சிலோனாவில் ஏறினால், ரயில் தூரத்தில் ரோமானிய ஸ்பெயினின் பெரிய நகரமான தர்ரகோனா. பிரேயஸில் ஏறினால் கடைசி நாளை அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், ஏதென்ஸ் போய்த் திரும்பிய கூட்டம் அங்கே இருக்காது. ரவென்னாவில் ஏற்றிவிட்டார்கள் என்று புலம்பாதீர்கள். ஊருக்குள் 5, 6ஆம் நூற்றாண்டு மொசைக் தேவாலயங்கள், பக்கத்தில் அகஸ்டஸ் கடற்படையை நிறுத்திய கிளாஸ்ஸே.

கப்பலில் ஏறிய பிறகு ஒவ்வொரு ஊரிலும் எட்டு, பத்து மணி நேரம்தான், அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக. கடிகாரத்தைப் பார்க்காமல் ஓரிடத்தில் உட்காரக் கிடைப்பது அதற்கு முந்தைய இந்த மூன்று நாட்களில் மட்டும். எங்கள் ஏழு நாள் பயணத்தில் அப்பாவுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், அவர் சொல்வது கப்பல் போன எந்த ஊரையும் இல்லை. அந்த உணவகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓட்டுச் சில்லுகளைத்தான்.